18,500 ரூபாய்க்கு வந்த ‘ஒரிஜினல்’ கார்புரேட்டர்: பழைய சைடு வால்வ் வண்டி வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 18,500 ரூபாய். பி.எஸ்.ஏ. எம் 20 என்ற பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளுக்கு ஒரே ஒரு கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். வந்து இறங்கியது என் வண்டிக்கான கார்புரேட்டரே இல்லை. பணம் திரும்பவில்லை, திரும்பும் என்ற நம்பிக்கையும் நேற்றோடு போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று ராத்திரி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி எஞ்சினுக்கு எப்படிக் கார்ப் தேர்ந்தெடுப்பது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் வண்டி தாத்தா எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய ரகம். போர் முடிந்து, கழித்துவிட்ட வண்டிகள் ஏலத்துக்கு வந்தபோது வாங்கினாராம். ஒற்றை சிலிண்டர், 496 சிசி, மொத்தமே 13 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு 125 சிசி வண்டியே கிட்டத்தட்ட அந்த அளவு கொடுக்கிறது. ஆனால் ஆடுதுறையிலிருந்து கும்பகோணம் வரைக்கும் மேடு ஏது? வண்டி வேகமாகப் போகாது, ஆனால் டாப் கியரிலேயே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் தடதடவென்று அசராமல் வரும். டெல்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் கிடையாது என்பது என் கட்சி.

அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் நான் எப்படி ஏமாற்றப்பட்டேன் என்பது புரியும். புல்லட்டில் வால்வுகள் தலைக்கு மேலே இருக்கும். இதில் சிலிண்டருக்குப் பக்கத்தில், மேல்நோக்கி நிற்கும், அதுதான் சைடு வால்வ். ஹெட் என்பது வெறும் மூடி, அதனால்தான் பிளாட்ஹெட் என்கிறார்கள். உள்ளே வரும் பெட்ரோல் காற்று பக்கவாட்டில் ஏறி, வளைந்து திரும்பி, பிஸ்டன் மேலே போய்ச் சேர வேண்டும். அதனால் இந்த எஞ்சினால் நிறைய மூச்சு வாங்க முடியாது. கம்ப்ரஷன், அதாவது உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் அழுத்தும் விகிதம், ஐந்துக்கு ஒன்றுகூட வராது. நிமிஷத்துக்கு 4,200 சுற்றுக்கு மேல் அதனிடம் எதுவும் எதிர்பார்க்கக் கூடாது. இப்படிப்பட்ட எஞ்சினுக்குப் பெரிய கார்ப் போட்டால் கூடுதல் சக்தி வராது, இருப்பதும் போகும். குறுகின வாய்க்காலில் விறுவிறுவென்று ஓடுகிற தண்ணீர், அதே அளவு தண்ணீர்தான், அகலமான வாய்க்காலில் விட்டால் சோம்பி நிற்குமே, அதேதான் இங்கேயும். காற்றின் வேகம் குறைந்தால் ஜெட் என்கிற சின்னத் துளையிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்காது. த்ராட்டிலைத் திருகினால் வண்டி கக்கும், அப்படியே அமர்ந்துவிடும்.

எம் 20-க்குக் கம்பெனி போட்டது இங்கிலாந்து அமல் கம்பெனியின் 276 என்ற கார்ப். காற்று போகும் வாய் ஒரு அங்குலத் துளை, அதாவது 25.4 மில்லிமீட்டர். பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கப் தனியாகப் பக்கத்தில் தொங்கும் பழைய மாடல். எங்களுடையது தேய்ந்துவிட்டது. அந்தக் காலத்து அமல் பாடி துத்தநாகக் கலவையில் வார்த்தது, உள்ளே த்ராட்டில் இழுக்கும் ஸ்லைடு ஏறி இறங்கி ஏறி இறங்கி இரண்டுமே தேயும். அப்புறம் அந்த இடைவெளியில் காற்று புகுந்து ஐடிலிங் நிற்காது. நம் ஊர் ஈரக் காற்றில் வெள்ளைப் பொடி வேறு பூக்கும்.

எங்கள் மெக்கானிக் பாய் வழிகளைச் சொன்னார். பழைய பாடியையே லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போடலாம். அல்லது புல்லட் 350-ல் வந்த 24 எம்.எம். மிக்கார்ப் என்ற கார்பை ஒரு அடாப்டர் அடித்து மாட்டலாம், அளவு கிட்டத்தட்ட ஒத்துவரும், ஜெட்டை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அல்லது அமல் பெயரிலேயே இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிற 276-ஐ வரவழைக்கலாம், கஸ்டம்ஸ் கட்டணத்தோடு விலை கையைக் கடிக்கும். “எதுவானாலும் சரி தம்பி, ஒரு இஞ்சைத் தாண்டாதீங்க” என்றார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில்தான் பழைய பொருட்களை விற்கவும் வாங்கவும் எல்லோரும் போனில் வைத்திருக்கும் அந்த மாதிரி ஒரு செயலியில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. “அமல் 276, பி.எஸ்.ஏ. எம் 20, நார்ட்டன் 16எச் மிலிட்டரி ஸ்டாக், யூஸ் பண்ணாதது.” நாலு படம். ஒரு படத்தில் பாடியில் 276 என்ற எண் பளிச்சென்று தெரிந்தது.

போன் செய்தேன். நான் நம்பியது அந்தப் படத்தை இல்லை, விற்பவனின் பேச்சை. என் வண்டி என்ன என்று சொன்னதும் அவனாகவே, “அண்ணே, மெயின் ஜெட் 170 தானே? ஸ்லைடு 6/4 தானே?” என்றான். நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. கையேட்டில் இருப்பது அதேதான். 6 என்பது 276 ரகத்து ஸ்லைடு, 4 என்பது அதன் அடியில் வெட்டியிருக்கும் அளவு, அங்குலத்தில் பதினாறில் நான்கு பங்கு. அதையும் அவனே விளக்கினான். ஜெட்டில் இருக்கும் 170 என்பது நிமிஷத்துக்கு இத்தனை சிசி பெட்ரோல் போகும் என்ற கணக்கு, துளையின் அளவில்லை என்றான். அதுவும் சரி. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், கலவை கொஞ்சம் வறண்டு போகும் (பெட்ரோல் குறைந்து காற்று கூடும்), அதனால் ஒரு 180 ஜெட்டும் சேர்த்து வைக்கிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்றான். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? அரைகுறையாகத் தெரிந்தவனிடம் நாம் உஷாராக இருப்போம். முழுசாகத் தெரிந்தவனிடம் நாமே சிரித்துப் பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

மிக்கார்ப் போடலாமா என்று யோசிக்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். “ஐயோ அண்ணே, மிலிட்டரி வண்டிக்குப் புல்லட் கார்பா? தாத்தா வண்டின்னு வேற சொல்றீங்க. மானம் போயிடும்” என்றான். தாத்தாவைப் பற்றி நான் சொன்னது பேச்சோடு பேச்சாக ஒரே ஒரு தடவை. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு சரியான இடத்தில் எடுத்துவிட்டான் பாருங்கள்.

முதலில் 5,000 அட்வான்ஸ். “இன்னொருத்தர் ஈரோட்டிலிருந்து கேட்டுக்கிட்டிருக்கார், உங்களுக்காக நிறுத்தி வெச்சிருக்கேன்.” பார்சல் கட்டிய படம் வந்தது, மீதி 13,500. ஆக 18,500. பொருளைப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று கேட்டதற்கு, இந்த மாதிரி அபூர்வமான சாமானை அப்படி அனுப்பினால் ஆட்கள் திருப்பி அனுப்பி உடைத்துவிடுகிறார்கள் என்றான். குறுவை நடவு நேரம். இந்த 18,500 எனக்கு நடவு ஆள் கூலியில் பெரும்பங்கு. போனில் பொத்தானை அழுத்தி அனுப்பினேன்.

பார்சல் வந்தது. மேலே புத்தம் புது வெள்ளி நிறம். 180 ஜெட் இல்லை. கேட்டேன், “மறந்துட்டேன் அண்ணே, தனியா கொரியர் போடுறேன்” என்றான். சரி என்று விட்டேன். பாய் ஊரில் இல்லாததால் நானே மாட்டினேன். எஞ்சினோடு சேர்த்து நட்டு போடும் ஃபிளாஞ்சின் துளைகள் நீள்வட்டமாக இருந்தன, யாரோ அரம் போட்டு ராவியிருக்கிறார்கள். படம் எடுத்து அனுப்பினேன். “மிலிட்டரியில எல்லா வண்டிக்கும் பொதுவா போட அப்படித்தான் செய்வாங்க” என்று பதில்.

ஸ்டார்ட் செய்யும் முன் அழுத்தும் டிக்ளர் பொத்தானை அழுத்தி ஃப்ளோட் கப்பை நிரப்பினேன். பெட்ரோல் வழிந்த இடத்தில் வெள்ளி நிறம் அப்படியே கரைந்து கையோடு வந்தது. அதற்கும் படம். “அது துருப் பிடிக்காம இருக்க ஸ்டோர்ல அடிச்ச கோட்டிங், போகட்டும் விடுங்க.” எண்பது வருஷத்துக்கு முன் அடித்த கோட்டிங் பெட்ரோல் பட்டதும் மருதாணி மாதிரி கையில் ஒட்டுமா?

வண்டி ஸ்டார்ட் ஆனது, அதை மறுக்கவில்லை. கொஞ்சம் த்ராட்டில் கொடுத்தால் ஒரு பெருமூச்சு, நின்றுவிடும். மறுபடி கிக். மெதுவாகத் திறந்தால் கொஞ்சம் இழுக்கும், நடுவில் விட்டு விட்டு இழுக்கும். ஓடின பிறகு பிளக்கைக் கழற்றினால் வெள்ளையாக வெந்து போயிருந்தது. எங்கேயோ காற்று புகுகிறது, கலவை வறண்டு ஓடுகிறது என்று அர்த்தம். சைடு வால்வ் எஞ்சினில் இது பெரிய ஆபத்து. சூடான புகை வெளியே போகும் வழி சிலிண்டர் வார்ப்புக்குள்ளேயே போவதால் ஏற்கெனவே அந்தப் பக்கம் கொதிக்கும். வறண்ட கலவையும் சேர்ந்தால் எக்ஸாஸ்ட் வால்வ் எரியும், பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

அவனுக்குப் போன் செய்தேன். வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளியைப் பாருங்கள் என்றான். பார்த்தேன், சரியாக இருந்தது. பேட்டரி இல்லாமலே பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் டைமிங் என்றான். அதையும் பார்த்தாயிற்று. புது கார்ப் செட் ஆக கொஞ்ச நாள் ஓட வேண்டும் என்றான். கார்புக்கு ரன்னிங்-இன் என்று யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதற்கும் தலையாட்டிவிட்டு ஓட்டினேன்.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது ஸ்லைடு மேலேயே சிக்கிக்கொண்டது. த்ராட்டிலை மூடினேன், எஞ்சின் மட்டும் கத்திக்கொண்டே போகிறது. முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஒரு ஷேர் ஆட்டோ. இந்த வண்டிக்குச் சாவி கிடையாது, மேக்னெட்டோவில் ஓடுவது. கிளட்சைப் பிடித்து, ஹேண்டில்பாரில் இருக்கும், வால்வைத் தூக்கி எஞ்சினை அணைக்கும் வால்வ் லிஃப்டரை இழுத்துத்தான் நிறுத்தினேன். கை அந்த லீவருக்குப் பழகியிருந்ததால் பிழைத்தேன். புதிதாக ஓட்டுகிறவன் என்றால் ஆட்டோவில் போய் முட்டியிருப்பான்.

அப்படியே உருட்டிக்கொண்டு போய் எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் நிறுத்தினேன். அந்த அண்ணன் துளையை அளக்கும் வெர்னியர் கருவியைக் கார்ப் வாயில் வைத்தார். 28.6 மில்லிமீட்டர். திரும்பவும் வைத்தார், அதே 28.6. அதாவது ஒன்றே கால் அரைக்கால்... இல்லை, கோபத்தில் கணக்கு தடுமாறுகிறது, ஒரு அங்குலமும் அரைக்கால் அங்குலமும். எஞ்சின் பக்கம் துளை 25.4. பரப்பில் கணக்குப் போட்டால் கால் பங்குக்கு மேல் பெரிது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு படி நிற்கிறது, பெட்ரோல் துளியாக அதில் தேங்குகிறது. பெட்ரோல் ஊற்றிய தட்டில் பாடியைப் போட்டு பிரஷ் வைத்துத் தேய்த்தார். வெள்ளி நிறம் போனது. அடியில் எண் இருந்த இடத்தை கிரைண்டரில் தேய்த்து, அதன் மேல் 276 என்று பஞ்ச் அடித்திருக்கிறார்கள். மூன்று இலக்கமும் மூன்று உயரத்தில் நிற்கிறது. பாடியில் ஒரு கீறல், அதில் ஏதோ பசையை அப்பியிருக்கிறார்கள். அதுவும் பெட்ரோலில் இளக ஆரம்பித்திருந்தது. ஸ்லைடு சிக்கியது அந்தக் கீறல் விட்டுக்கொடுத்த இடத்தில்தான்.

ஊருக்குத் திரும்பிய பாய் ஸ்லைடைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்தார். அதில் 29/4 என்று இருந்தது. “29-னா 289 கார்ப் ஸ்லைடு தம்பி. பெரிய ஓவர்ஹெட் வால்வ் வண்டிங்களுக்கு வர்றது.” விளம்பரத்தில் இருந்த நாலு படங்களையும் திரும்பப் பார்த்தேன். ஒன்றில்கூட ஸ்லைடின் எண் தெரியும் பக்கம் இல்லை. ஆக அவனுக்கு எல்லாம் தெரியும். 6/4 என்று எனக்குப் பாடம் எடுத்தவனுக்கு, கையில் இருப்பது 29/4 என்று தெரியாமலா இருக்கும்?

வெர்னியர் வைத்த படத்தோடு எல்லாவற்றையும் அனுப்பினேன். அதுவரைக்கும் அண்ணே அண்ணே என்று பேசியவன், அன்றைக்கு “சார்” என்று ஆரம்பித்தான். “சார், கழட்டி மாட்டின பொருளை ரிட்டர்ன் எடுக்க முடியாது.” மாட்டாமல் எப்படித் தெரியும்? “சார், நீங்க பெட்ரோல்ல ஊற வெச்சுட்டீங்க.” கார்புரேட்டர் பெட்ரோலில் நனையாமல் வேறு எதில் நனையும்? 18,500 வேண்டாம், பாதியாவது கொடு என்றுகூட இறங்கிக் கேட்டேன். “ஓனர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன் சார்.” இத்தனை நாள் அவன்தான் ஓனர். அதற்கப்புறம் போன் எடுக்கவில்லை. அனுப்பிய செய்திக்கு இரண்டு நீலக் கோடு மட்டும் வரும். பிறகு அதுவும் நின்று, அவன் படமும் மறைந்தது.

செயலிக்காரர்களிடம் போனால் அது வேறு கதை. மனிதர் யாரும் பேசுவதில்லை. “உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்” என்று ஒரு தானியங்கிப் பதில். கேள்வியைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு பட்டியல், அதில் என் கேள்வி இல்லை. விடாமல் எழுதியதில் ஒருவழியாகப் பெயர் போட்ட ஒருவர் பதில் தந்தார். விற்பவரையும் வாங்குபவரையும் அறிமுகப்படுத்துவது மட்டும்தான் எங்கள் வேலை, பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, எனவே பொறுப்பில்லை என்று. விற்பவனின் விவரம் கேட்டதற்குத் தனியுரிமை. என் 18,500-க்கு மட்டும் எந்தத் தனியுரிமையும் இல்லை. விளம்பரத்தையாவது எடுங்கள் என்றேன். “பரிசீலிக்கிறோம்.”

சைபர் குற்ற உதவி எண் 1930-லும் நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, அதனால் இன்னும் செலவு என்று யாரும் தயங்க வேண்டாம். வருகிறதோ இல்லையோ, அவன் பெயரில் ஒரு கோப்பு இருக்கட்டும்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். மணி இரண்டாகப் போகிறது, விடிந்தால் நடவு ஆட்கள் வந்துவிடுவார்கள். தலையில் நிற்பதை மட்டும் எழுதுகிறேன். பாடியில் குத்தியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், யார் வேண்டுமானாலும் பஞ்ச் அடிக்கலாம். வெர்னியரைத் துளையில் வைத்து, எண் தெரிகிற மாதிரி படமோ வீடியோ காலோ கேளுங்கள். எம் 20-க்கு 25.4, அதற்கு மேல் என்றால் வேண்டாம். ஸ்லைடின் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், 6-ல் ஆரம்பிக்க வேண்டும். புதுப் பெயின்ட் இருந்தால் காசு கொடுக்கும் முன் ஒரு சொட்டு பெட்ரோல் வைத்துத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். ராவிய ஃபிளாஞ்ச் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். மாட்டும்போது நட்டை வெறிகொண்டு முடுக்காதீர்கள், ஃபிளாஞ்ச் வளைந்து காற்று புகும், இது நல்ல கார்புக்கும் பொருந்தும். அட்வான்ஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஜெட், நீடில் செட்டிங் பற்றியெல்லாம் இன்னொரு நாள்.

என் வண்டியில் இப்போது ஒரு 24 எம்.எம். மிக்கார்ப் இருக்கிறது. பாய் பழைய புல்லட்டிலிருந்து கழற்றியது, அடாப்டர் லேத் அண்ணன் அடித்தது. ஐடிலிங் நிற்கிறது. மானம் எதுவும் போகவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். வேறு பெயரில் ஒரு விளம்பரம். அதே நாலு படம், பின்னால் அதே பச்சை நிற பிளாஸ்டிக் ஸ்டூல். இப்போது விலை 21,000, “எம் 20, 16எச் இரண்டுக்கும் பொருந்தும்” என்று சேர்த்திருக்கிறான். அந்தப் படத்தில் இருக்கும் கார்ப் என் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. யாராவது அவனிடம் பேசிக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் போடுவதற்கு முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், வெர்னியர் படத்தை அனுப்புகிறேன்.